கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையிலிருந்து நிலாவுக்கு

போன வாரம் ஆபீசிலிருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் ரிட்டயர் ஆன சமயத்தில் வேலைக்குப் புதுசாகச் சேர்ந்தவர்கள். இப்போது வயர்லெஸ் பிரிவே அவர்கள் கையில்தான். கொடுத்த டீயை ஆறவிட்டு, கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். ரெண்டு பேரும் பொழுதுபோக்காக ஊர் உலகத்தோடு பேச அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்களாம். யாரோ வெளிநாட்டில் அனுப்பிய சிக்னல் நிலாவில் பட்டுத் திரும்பி வந்ததைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன், ஒன்றும் இல்லை. ஆனால் திரையில், அனுப்பினவரின் அழைப்புக்குறி, அதாவது லைசென்ஸோடு கொடுக்கிற ரேடியோப் பெயர், எழுத்து எழுத்தாக வந்து நிற்கிறது!

"மேடம், காதுல விழாததை கம்ப்யூட்டர் எடுத்துக் குடுத்துச்சுன்னா, அது நாங்க கேட்டதா, கேட்காததா?" என்றார் ஒருத்தர். இதற்காக ரெண்டு பேருக்கும் ஒரு வாரமாகச் சண்டையாம்.

நல்ல கேள்விதான். என் மேலதிகாரி ஒருவரின் பல வருஷ ஆசை இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் அந்தரத்தில் தொங்கியது. தொங்கவிட்டவள் நான். "டீயைக் குடிங்க மொதல்ல" என்று சொல்லிவிட்டு அந்தக் கதையை ஆரம்பித்தேன். அன்றைக்கு அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாகப் பிரித்த எண்பத்தொன்பதில்தான் எனக்கு வேலை கிடைத்தது. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தேரடிப் பக்கம் பூட்டு ரிப்பேர் கடை. "பொம்பளப் புள்ளைக்கு வயர்லெஸ் வேலையா?" என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்க, "ஏன், அவளுக்கு மட்டும் காது இல்லையா?" என்று கேட்டுவிட்டு அத்தா பாட்டுக்கு அரத்தைத் தேய்ப்பார். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஜாஸ்தி இல்லை. மோர்ஸ், மோர்ஸ், மறுபடியும் மோர்ஸ். எழுத்துக்கு எழுத்து குட்டை ஒலி, நெட்டை ஒலியாகத் தட்டுகிற தந்தி பாஷை. தூக்கத்தில் விரலால் கட்டிலைத் தட்டுகிறேன் என்று அம்மா பயந்துபோய் எனக்குத் தாயத்து கட்டிவிட்டார். குக்கர் விசில் அடித்தால்கூட இது என்ன எழுத்து என்று யோசித்துக்கொண்டு நிற்பேன், அடியில் சாதம் பிடித்துவிடும்.

அப்போது ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பாதி ஆபீஸ், பாதி மல்லாட்டைக் கொல்லை, மற்ற ஊரில் வேர்க்கடலை என்பார்கள். அங்கே மாவட்ட ஆபீசில் ஒரு சின்ன அறையில் எங்கள் வயர்லெஸ் பிரிவு, வெள்ளம், விபத்து என்று வருகிற மெசேஜை வாங்கிச் சொல்கிற இடம். சூப்பர்வைசர் வரதராஜன் சார். ஒல்லி உடம்பு, தொளதொள சட்டை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். இவர் கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

அவரிடம் ஒரே ஒரு வார்த்தை ஆகாது. 'மாதிரி'. நான் சேர்ந்த புதிதில், மழைக்காலத்தில் ஒரு மெசேஜ் வாங்கிக்கொண்டு, "ஏரி மதகாண்ட தண்ணி ஏறுதுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு சார்" என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். குரல் இறங்கியது.

"சொன்னாங்களா, சொல்லலையா?"

"சொன்னாங்கன்னுதான்..."

"கேட்டுச்சா, கேட்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. இந்த ரூமுக்குள்ள மாதிரி கிடையாது. கேட்கலைன்னா மறுபடி கேளு, தப்பில்ல. நீயா நிரப்பினா அதை நம்பி ஒருத்தன் வண்டி எடுத்துட்டுப் போவான்."

அன்றைக்கு ஒட்டிக்கொண்டது இன்றைக்கும் போகவில்லை. வீட்டில் யாராவது "குழம்புல உப்பு கம்மி மாதிரி இருக்கு" என்று சொல்லட்டும், "கம்மியா, இல்லையா?" என்று பாய்ந்துவிடுவேன். என் மருமகள் எனக்குப் பயந்து இப்போதெல்லாம் தட்டில் தானே உப்பைப் போட்டுக்கொள்கிறாள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ஒரு கோடைகாலம் முழுக்க மத்தியானம் ஆனால் எங்கள் செட்டில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். கரண்ட் கம்பியில்தான் கோளாறு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சார் ஒரு டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு வெயிலில் கிளம்பினார், நான் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. மோட்டார் வைத்தது. அங்கே கரகரப்பு காதைப் பிய்த்தது.

கண்டுபிடித்தாயிற்று, போகலாம் என்று நான் நினைத்தேன். சார் விடவில்லை. என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். டிரான்சிஸ்டர் என் கையில். ஜூஸ்காரரிடம், "தம்பி, நான் சைகை காட்டறப்ப நிறுத்து, போடு. சத்தம் போடாத" என்றார். சத்தம் நின்றால் நான் கையைத் தூக்க வேண்டும், வந்தால் இறக்க வேண்டும். நடுரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நான் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக நிற்க, பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்க்கிறது. "என்னா சார், அந்தம்மாவுக்குப் பேய் ஓட்டுறீங்களா?" என்றார் ஜூஸ்காரர். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாம் முடிந்ததும் சார் சொன்னார், "எனக்கும் கேட்டுச்சு, உனக்கும் கேட்டுச்சு. இப்ப நம்பலாம்." இரைச்சலை அடக்க மோட்டாருக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டுக் கொடுத்தார். ஜூஸ்காரர் காசு வாங்கவில்லை, ரெண்டு கிளாஸ் ஜூஸ் கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு நிலாப் பைத்தியம் இருந்தது.

ஆபீஸ் வேலை வேறு, இது வேறு. அவர் வீட்டு மாடியில் லைசென்ஸோடு சொந்தமாக ஒரு அமெச்சூர் ரேடியோ நிலையம் வைத்திருந்தார். உலகத்தில் பலரோடும் பேசிவிட்டார். ஆனால் ஒரே ஒரு தடவையாவது நிலா வழியாகப் பேசிவிட வேண்டும். ரேடியோ அலையை நிலாவின் மேல் அடிப்பது, அது அங்கே பட்டுச் சிதறி, மிச்சம் மீதி பூமிக்குத் திரும்பி வரும்போது இன்னொரு தேசத்தில் ஒருவர் அதைப் பிடிப்பது. போய்வர மூணு செகண்டுகூட ஆகாது. ஆனால் திரும்பி வருவது அத்தனை பலவீனமாக இருக்கும். என்னையும் லைசென்ஸ் பரீட்சை எழுத வைத்து இதற்குள் இழுத்துவிட்டார். "உங்க ஆபீசர் நிலாவுக்கு போன் பண்றாராமே, அங்க யாரு எடுக்கறாங்க?" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

பௌர்ணமியன்றுதானே நிலா பெரிசு, அன்றைக்கே பண்ணலாமே என்று நானும் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். சார் தலையில் அடித்துக்கொண்டார். ரேடியோவுக்குப் பிறையும் ஒன்றுதான், பௌர்ணமியும் ஒன்றுதான். வெளிச்சம் இல்லாத பக்கத்திலும் பட்டுத் திரும்பும். பௌர்ணமியில் திருவண்ணாமலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரிவலக் கூட்டம், வழி நெடுகக் கடை, கடைக்குக் கடை டியூப் லைட், மைக் செட், ஜெனரேட்டர். அந்த இரைச்சலில் நிலா வந்து காதோடு கத்தினாலும் கேட்காது. மற்ற நாளிலும் வேங்கிக்கால் அமைதியாக இல்லை. கொல்லையெல்லாம் வீடாகி, வீட்டுக்கு வீடு மிக்ஸியும் டிவியும் வந்துவிட்டன. மாடியிலிருந்து முயற்சி பண்ணிப் பண்ணி ஓய்ந்துவிட்டார்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். இத்தாலியில் பியெத்ரோ என்று ஒருவர் இமெயிலில் பழக்கமானார். அவர் ரிட்டயர் ஆனவர். தோட்டத்தில் ராட்சச ஆன்டெனா கட்டி வைத்திருந்தார். "அவர் காது பெரிசும்மா. நம்ம குரல் சின்னதா இருந்தாலும் பிடிச்சுடுவார்" என்பார் சார். அந்த பியெத்ரோ திடீரென்று எழுதினார்: வீட்டை விற்றாகிவிட்டது, மகளோடு பிளாட்டுக்குப் போகிறேன், இந்த மாசக் கடைசியில் கிரேன் வந்து ஆன்டெனாவை இறக்கிவிடும், அதற்குள் முடிந்தால் ஒரு கை பார்க்கலாம்.

சாருக்கும் சர்வீஸ் முடிய ஒரு வருஷம்கூட இல்லை. அடுத்த வாரம் கார்த்திகை தீபத்துக்குக் கொடியேற்றம். அது தொடங்கிவிட்டால் எங்கள் பிரிவில் ஒருவரும் மூச்சுவிட முடியாது. பியெத்ரோவுக்கும் ஒழிந்து, எங்களுக்கும் ஒழிந்து, நிலாவும் பூமிக்குக் கிட்டத்தில் இருக்கிற சாயங்காலம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அமாவாசை கழிந்து, பிறை தெரிய வேண்டிய சாயங்காலம்.

"சார், அது ரம்ஜான் மாசத்து இருபத்தொம்பதாம் நோன்பு" என்றேன். "பிறை தெரிஞ்சா மறுநாள் பெருநாள். வீட்டுல வேலை தலைக்கு மேல இருக்கும்."

அத்தனை வருஷத்தில் சார் தனக்கென்று எங்களிடம் ஒரு டீகூட வாங்கி வரச் சொன்னவர் இல்லை. "வேற யார் காதையும் நான் நம்பலம்மா" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இடத்துக்குத்தான் நாய் படாத பாடு பட்டோம். மேற்கே மறைப்பு இருக்கக் கூடாது. முன்னால் தண்ணீர் பரந்து கிடந்தால் ரொம்ப நல்லது. நிலா தாழ்வாக இருக்கும்போது தண்ணீரில் பட்டுப் போகிற அலையும் நேரே போகிற அலையும் ஒன்று சேர்ந்து நம் குரலை இன்னும் தூக்கிவிடும். எனக்குச் சட்டென்று ஜாஃபர் பாய் ஞாபகம் வந்தது. அத்தாவின் சிநேகிதர், கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு ஏரிக்கரையில் மல்லாட்டை உடைக்கிற மில் வைத்திருந்தார். நல்ல மழை பெய்த வருஷம், ஏரி நிறைந்து கரையை நக்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம்தான் இடைஞ்சல். ஆனால் நோன்பு மாசத்தில் மில் இருந்த பள்ளிவாசல் தெருவில் மக்ரிப் பாங்குக்கு, அதாவது சூரியன் மறையும் நேரத் தொழுகை அழைப்புக்கு, முன்னாலேயே எல்லா மோட்டாரும் நின்றுவிடும். எங்களுக்கு வேண்டிய நேரமும் சரியாக அதுதான்.

அன்றைக்கு மதியமே வேன் நிறைய சாமான்களோடு போய் இறங்கினோம். பழைய காலத்து டிவி ஆன்டெனா, மீன்முள் போல இருக்குமே, அதையே ரெண்டு ஆள் நீளத்துக்கு நாலு செய்து, ஒரு சட்டத்தில் சேர்த்துக் கட்டியிருந்தார் சார். மில் ஆட்கள் கைகொடுக்க, கரைமேல் கம்பம் நின்றது. ஜெனரேட்டரை வெகு தூரத்தில் மில்லுக்குப் பின்னால் வைத்தோம்.

கண்ணுக்குத் தெரியாத நிலாவை நோக்கி ஆன்டெனாவை எப்படித் திருப்புவது என்று நீங்கள் கேட்கலாம். மில் ஆட்களும் அதைத்தான் கேட்டார்கள். சூரியன் தெரிகிறதே! ஆன்டெனாவின் நடுக்கம்பி நிழல் ஒரு புள்ளியாகச் சுருங்கும்வரை திருப்பினால் அது சூரியனைப் பார்க்கிறது என்று அர்த்தம். சூரியனும் ரேடியோவில் இரைச்சல் போடுகிறவர்தான். ஹெட்போனில் 'உஸ்' என்ற சத்தம் கூடியது. "கூடுச்சா?" "கூடுச்சு சார்." ரெண்டு பேருக்கும் கேட்டதால் அங்கே ஒரு கோடு போட்டார். அங்கிருந்து நிலா எத்தனை தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அண்ணாமலை மலைக்கு இடது பக்கமாக இறங்க வேண்டும்.

சாயங்காலம் ஆக ஆக மேற்கில் மேகம் திரள ஆரம்பித்தது. எங்களுக்குக் கவலை இல்லை, ரேடியோ அலை மேகத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். கவலை எல்லாம் பிறை பார்க்க வந்தவர்களுக்கு. பள்ளிவாசல் தெரு ஆண்கள் ஒவ்வொருவராகக் கரைமேல் ஏறி வந்தார்கள். எல்லாரும் முதலில் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு உதட்டைப் பிதுக்கினார்கள், பிறகு எங்கள் ஆன்டெனாவைப் பார்த்தார்கள்.

ஜாஃபர் பாய் மெள்ள வந்து கேட்டார். "சார், உங்க மெஷின் மேகத்தைத் தாண்டிப் போகும்ங்கறீங்க. நிலாவுல பட்டுத் திரும்பி வரும்ங்கறீங்க. அப்ப உங்களுக்குச் சத்தம் வந்துச்சுன்னா நிலா அங்க இருக்குன்னுதானே அர்த்தம்? நாங்க பெருநாள் வெச்சுக்கலாமில்ல?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சாரின் வாயையே பார்த்தார்கள். பிள்ளைகுட்டிகளுக்குப் புதுத்துணி தைத்தாயிற்று, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. எனக்கும் மனசுக்குள் ஆசைதான், மறைப்பானேன்.

சார் அவர் பக்கம் திரும்பினார். "பாய், நிலா எப்பவும் எங்கயாவது இருந்துட்டேதான் இருக்கு. அமாவாசையன்னிக்கும் இருக்கு. நேத்து அடிச்சிருந்தாலும் சத்தம் திரும்பி வந்திருக்கும். அது இருக்கான்னு என் மெஷின் சொல்லும். நீங்க பார்த்தீங்களான்னு அது எப்படிச் சொல்லும்?"

ஹஜ்ரத் அப்போதுதான் கரை ஏறி வந்தார். அந்தப் பள்ளிவாசலின் இமாம், வெண்தாடி வைத்த சாந்தமான மனுஷர். சார் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரியாச் சொன்னாரு. கண்ணால ரெண்டு பேராவது பார்க்கணும். இல்லேன்னா முப்பது நோன்பு முடிச்சுக்குவோம், அதுல என்ன குறைஞ்சுடுச்சு" என்றார். சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன்னைப் போலவே ஒருவரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் வந்தது. காலையிலிருந்து டென்ஷனில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்த சாரும் என்னோடு ஒரு கிளாஸ் கஞ்சி குடித்தார். "சாரும் நோன்பு திறந்துட்டாரு" என்று ஜாஃபர் பாய் சிரித்தார். மில் அறையில் தொழுதுவிட்டு ஓடிவந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சூரியன் இறங்கியதும் அவருடைய இரைச்சலும் அடங்கியிருந்தது. இனி நிலாவும் இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.

முறை இதுதான். ஒரு நிமிஷம் நாம் மோர்ஸில் அடிப்பது, அடுத்த நிமிஷம் பியெத்ரோ அடிப்பதைக் கேட்பது. கடிகாரத்தைப் பார்த்து மாறி மாறி. முதலில் ரெண்டு பேரின் அழைப்புக்குறி. அது முழுசாகக் கிடைத்தால் அவர் 'ஓ' என்ற எழுத்தை அனுப்புவார். அது நமக்குக் கிடைத்தால் நாம் 'ஆர் ஓ'. அதுவும் அவருக்குக் கிடைத்தால் கடைசியாக அவர் 'ஆர், ஆர், ஆர்' என்று அனுப்புவார், எல்லாம் வந்து சேர்ந்தது என்று. அந்தக் கடைசி 'ஆர்' நம் காதில் விழுந்தால்தான் பேசினதாகக் கணக்கு. அதில் ஒன்று குறைந்தாலும் பேசவில்லை. சார் மோர்ஸ் கீயைத் தட்ட, ரெண்டு பேரும் கேட்டு, ஆளுக்கொரு பேப்பரில் தனித்தனியாக எழுத வேண்டும். ஒருவர் பேப்பரை மற்றவர் பார்க்கக் கூடாது. ரெண்டும் ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்வோம்.

முதல் சில நிமிஷங்கள் ஒன்றுமே இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல்தான். திடீரென்று, அந்த மழைக்குள்ளே அடுத்த தெருவில் யாரோ விசிலடிப்பது போல ஒன்று. போயிற்று. மறுபடி வந்தது. என் கை தானாக எழுதியது. சாரின் அழைப்புக்குறி! இத்தாலியிலிருந்து கிளம்பி, நிலாவில் பட்டு, மேகத்தைத் துளைத்து, கீழ்பென்னாத்தூர் ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு என் காதுக்குள் வந்து நிற்கிறது. யா அல்லாஹ், எனக்குக் கையெல்லாம் புல்லரித்துப்போயிற்று.

பேப்பரைத் திருப்பினோம். ரெண்டும் ஒன்றே. அடுத்த சுற்றில் 'ஓ' வந்தது. ரெண்டு பேப்பரிலும் இருந்தது. சார் 'ஆர் ஓ' அடித்தார். கேட்டோம். இரைச்சல் மட்டும். மறுபடி அடித்தார். நிலா பனைமரத் தலைக்கு வந்திருக்க வேண்டும், இனி ஒன்றோ ரெண்டோ சுற்றுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேன்.

"பிறை! பார்த்துட்டேன்! அதோ, அதோ!"

மில் லாரி டிரைவர் சலீம் கரை முனையிலிருந்து கத்தினார். ஜனம் முழுக்க அந்தப் பக்கம் ஓடியது. "எங்க? எங்கடா?" "மேகம் விலகுச்சு பாய், சத்தியமா, நூல் போல!" அவர்கள் போய்ச் சேருவதற்குள் மேகம் மூடிவிட்டது. வேறு ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் காதை ஹெட்போனோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நிமிஷம் முடிந்தது. அடுத்த சுற்றில் வெறும் மழை. நிலா மறைந்துவிட்டது.

சார் தன் பேப்பரைத் திருப்பினார். 'ஆர்', 'ஆர்'. ரெண்டு தடவை எழுதியிருந்தார். கண் மின்னிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"கேட்டியாம்மா?"

என் பேப்பரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அது இன்னும் குப்புறத்தான் கிடந்தது. ஆமாம் என்று சொன்னால் என்ன குடி முழுகிப்போகும்? பென்சில் கையிலேயே இருக்கிறது. இந்த மனுஷர் இதற்காக எத்தனை வருஷம் மொட்டை மாடியில் காய்ந்திருக்கிறார். கிரேன் வந்துவிட்டால் இனி ஏது?

"இல்ல சார். எனக்குக் கேட்கல."

பக்கத்தில் நின்ற ஜாஃபர் பாய்க்குப் பொறுக்கவில்லை. "அந்த சலீம் கத்தினதுல நீ விட்டிருப்பேம்மா! அதான் சார் கேட்டிருக்காரே, அது போதாதா?"

அதே நேரம் கரை முனையில் ஹஜ்ரத் சலீமின் தோளில் கைவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்கும் கேட்டது. "உன் கண்ணை நான் சந்தேகப்படல சலீம். இன்னொருத்தர் வேணும், அவ்வளவுதான்." ஜாஃபர் பாய் வாயை மூடிக்கொண்டார்.

சார் தன் பேப்பரில் அந்த ரெண்டு எழுத்தின்மேலும் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, கீழே 'முடியவில்லை' என்று எழுதினார். "ஆன்டெனாவை இறக்கலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. கோபத்தில் இல்லை.

கம்பத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மில் ஆபீசில் போன் அடித்தது. வேலூர்ப் பக்கம் வானம் தெளிவாம், பிறை பார்த்தவர்கள் வந்து சாட்சி சொல்லியாயிற்றாம், நாளைக்குப் பெருநாள். தெருவே கூச்சலாகிவிட்டது. சலீமை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சாரும் நானும் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

மறுநாள் மத்தியானம் சார் வீட்டுக்கு வந்தார். வருஷா வருஷம் வருவார். அவர் சைவம், அவருக்கென்று சேமியாப் பாயசம் தனியாக எடுத்து வைத்திருப்பேன். பாயசத்தைத் தொடாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பியெத்ரோவின் இமெயில். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்திருந்தார். 'வாழ்த்துகள்! உங்கள் ஆர் ஓ எனக்குத் தெளிவாகக் கிடைத்தது. ஆர் அனுப்பினேன்.'

"சார், அப்ப உங்க காதுதான் சரி. அவர் அனுப்பியிருக்காரே. எழுதிடுங்க சார்!"

"அவர் அனுப்பினாருன்னு இது சொல்லுது. நிலா மேகத்துக்குப் பின்னால இருந்துச்சுன்னு வேலூர்க்காரங்க சொன்ன கணக்கு. நான் கேட்டேனான்னு யார் சொல்றது?"

"நீங்கதான் சார் சொல்லணும். கேட்டுச்சா, கேட்கலையா?"

அவர் பாட்டை அவருக்கே பாடினேன். பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"கேட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து!

"ஆசை கேட்டுச்சா, காது கேட்டுச்சான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. நேத்து நீ ஆமான்னு சொல்லியிருந்தா, சாகற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல." அப்புறம் சிரித்துவிட்டார். "சலீம் ஒருத்தன் பார்த்ததுக்குப் பெருநாள் வைக்கல நீங்க. நான் ஒருத்தன் கேட்டதுக்கு மட்டும் வைக்கலாமா? பாயசத்துல இன்னும் கொஞ்சம் முந்திரி போடு."

அன்று சாயங்காலமே பியெத்ரோவுக்கு எழுதினார். எங்கள் பக்கம் ரெண்டு ஜோடிக் காதில் ஒரு ஜோடிக்குத்தான் கேட்டது, ஆகவே முடிந்ததாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, மன்னிக்கவும் என்று. பதில் வர ரெண்டு நாள் ஆயிற்று. 'கிடைத்த தொடர்பை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஆளை என் ஆயுசில் இப்போதுதான் பார்க்கிறேன். வீடு வாங்கினவரிடம் பேசிவிட்டேன். கிரேன் அடுத்த மாசம் வரட்டும்.'

இதுவரை சொல்லி நிறுத்தியபோது லேப்டாப் பையன்களில் ஒருவர், "அப்ப கம்ப்யூட்டர் காட்டினது செல்லாதுங்கறீங்களா மேடம்?" என்றார். "ஏன் செல்லாது? அதையும் ஒரு சாட்சின்னு வெச்சுக்க. ஆசைப்பட்டு எழுதற புத்தி அதுக்கு இருக்கா இல்லையான்னு நீதான் பார்க்கணும்" என்றேன். ரெண்டு பேரும் மறுபடி அங்கேயே சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மிச்சக் கதையைச் சொல்லும் அவசரம்.

தீபம் முடிந்து அடுத்த வளர்பிறையில் மறுபடி அதே ஏரிக்கரை. இந்தத் தடவை வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. நிலாவைக் கண்ணாலேயே பார்த்துத் திருப்பினோம். நோன்பு மாசம் இல்லாவிட்டாலும் ஜாஃபர் பாய் தானாகவே மோட்டாரை நிறுத்தினார். போதாதென்று தெருவில் ஓடிய மற்ற மோட்டாரையும் போய் நிறுத்திவிட்டு வந்தார். சலீம் எங்களுக்குப் பின்னால் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹஜ்ரத்தும் வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

அழைப்புக்குறி வந்தது. 'ஓ' வந்தது. சார் 'ஆர் ஓ' அடித்தார். அந்த நிமிஷம் ஏரியில் ஒரு மீன் துள்ளியதுகூட எனக்கு ஹெட்போனை மீறிக் கேட்டது. நிமிஷம் முடிந்தது. சார் தன் பேப்பரைக் குப்புற வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை நீ மொதல்ல சொல்லு."

நான் பேப்பரைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். 'ஆர், ஆர், ஆர்.'

அவர் தன் கையை எடுத்தார். பேப்பரைத் திருப்பிப் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே 'ஆர், ஆர், ஆர்'. ஹெட்போனை நிதானமாகக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஹஜ்ரத் பக்கம் திரும்பினார்.

"ஹஜ்ரத், ரெண்டு சாட்சி ஆச்சுங்க."